யுத்த மணிக்குப் பிறந்தவன்

திருச்சுழி,
மாசி மாதம்.

பிள்ளையின் தகப்பனாருக்கு,

முன்பெல்லாம் முதலில் எழுதும் நமஸ்கார வரியை எழுத இப்போது கை கூசுகிறது.

உங்கள் கார்டு வந்தது. பழைய பஞ்சாங்கங்கள், ஏடுகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் பெட்டியோடு மதுரைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். சோதிட சாஸ்திரத்தின் பூர்வீகத்தை ஆராயப் போகிறீர்களாம். பிள்ளையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அவன் பிறந்த அன்று அருப்புக்கோட்டை ஆசுபத்திரியிலேயே ஜாதகக் கணக்குப் போட்டு, "இவன் மொகத்துல முழிச்சா எனக்கு ஆகாது, நான் போறேன்" என்று பஸ் ஏறினீர்கள். பச்சை உடம்போடு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து, போன புரட்டாசியில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆசுபத்திரிக் கடிகாரம் காட்டியது யுத்தத்துக்காகச் சர்க்கார் ஒரு மணி கூட்டி வைத்த நேரம். அந்த ஒரு மணியை நீங்கள் கழிக்கவே இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற கணக்குதான். நானே போட்டுப் பார்த்தேன். லக்கினமே வேறு, நீங்கள் பயந்த தோஷமே இல்லை. இவ்வளவு புத்தகம் புரட்டியும் சுவர்க் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை உங்களுக்கு.

தோஷம் இல்லையென்று தெரிந்ததும் பிள்ளையைத் தூக்க ஓடிவர வேண்டாம்.

"அப்பா பெட்டிய தொடாதல" என்று நான் அதட்டி அதட்டி, அவன் அந்தப் பெட்டியைத்தான் "அப்பா, அப்பா" என்று தட்டிக்கொண்டிருந்தான். இன்று காலை அதையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்.