கண்ணாடிக்கு மேலே இருந்த பெயர்

ஜூன் 9, திங்கள்
கோர்ட் நோட்டீஸ் வந்தது. சௌமியாவுக்கு மாதாமாதம் தரும் எட்டாயிரத்தை மூவாயிரமாகக் குறைக்கச் சொல்லி அவள் அப்பா கந்தவேல் மனுப் போட்டிருக்கிறார். லாரியை விற்றுவிட்டாராம், இப்போது கூலிக்கு ஓட்டுகிறாராம். பிரிந்த இந்த நான்கு வருஷத்தில் அவர் சொன்ன எதை நம்பினேன், இதை நம்ப?

மூவாயிரம் ஸ்கூல் வேனுக்கும் நோட்டுக்கும் போய்விடும். மற்றதற்கு?

ஜூன் 10
லாரிகளுக்கு இன்சூரன்ஸ், எஃப்.சி. எடுத்துத் தரும் ஆபீசில்தானே இருக்கிறேன். மதியம் அவர் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஆர்.சி. பதிவில் இன்னும் அவர் பெயர்தான். உடனே வக்கீல் கலையரசனுக்குப் போன்.

"இது ஒண்ணு போதுமுங்க. மனு நிக்காது."

நோட்டீஸ் வந்ததிலிருந்து இன்று ராத்திரிதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஜூன் 11
தலைவலி.

ஜூன் 22, ஞாயிறு
சங்ககிரி பைபாஸில் அந்த லாரி நின்றது. அப்பா என்று சௌமியா ஓடினாள். டிரைவர் சீட்டில் வேறு ஆள். முன்கண்ணாடிக்கு மேலே, அவள் பிறந்த மாதம் 'சௌமியா' என்று எழுதிய இடத்தில், இப்போது 'கௌதமன்'. அந்த டிரைவருடைய மகனாம். வண்டி வாங்கி ஏழு மாதம் ஆகிறதாம். ஃபைனான்ஸ் தவணை முடிகிறவரை ஆர்.சி. பழைய பெயரில்தான் இருக்குமாம்.

இந்த ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் வக்கீலுக்குப் போன் பண்ணேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்பா எம்பேர அழிச்சுட்டாராம்மா?" என்றாள்.

"அப்பா இல்ல சாமி. வாங்குனவங்க."

ஜூலை 3
பைபாஸில் பார்த்ததைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், எட்டாயிரம் அப்படியே இருக்கும் என்கிறார் வக்கீல். கட்டாவிட்டால் வாரண்ட் போடலாமாம். நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே நிற்கப்போகிறேன் — அப்புறம் ஏன் இப்படி உறுத்துகிறது? அந்த மனுசன் என்னைக்காவது எனக்காக ஒரு நிமிசம் யோசிச்சிருப்பாரா?

ஜூலை 8, செவ்வாய்
கோர்ட்டில் கந்தவேலைப் பார்த்தேன், மெலிந்துபோயிருந்தார். ஆர்.சி. நகலைக் காட்டி நீதிபதி கேட்டதற்கு, வித்துட்டேனுங்க என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு ஒப்பந்தத் தாள்கூட எழுதாமல், வாய்ப்பேச்சிலேயே விற்றிருக்கிறார். எப்பவும் இப்படித்தான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. எழுந்துவிட்டேன்.

"வண்டி அவருகிட்ட இல்லைங்க. வேற ஆளு ஓட்டறதை நானே பாத்தேனுங்க."

வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே கந்தவேல் ஏதோ சொல்ல வந்தார். நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். அவருடைய நன்றியை வைத்து நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 1
ஐயாயிரம் என்று உத்தரவு. வேனை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
பணம் வந்துவிட்டது. ஐந்தாம் தேதியே வந்தது இதுதான் முதல் தடவை.

காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அந்த லாரி எங்களைத் தாண்டிப் போனது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"கௌதமன் போகுதும்மா" என்றாள் சௌமியா. பிறகு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.