விலகி வளைந்த வெளிச்சம்

9 ஜூலை, செவ்வாய்

பேர்ணாம்பட்டில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மாலை பஸ்ஸில் ஆம்பூர் திரும்பினேன். நல்ல கூட்டம். பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசகர் வட்டத்தில் ஈர்ப்பு வில்லை பற்றிப் பேச வேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத நிறை இருந்தால், பின்னாலிருந்து வரும் ஒளி வளைந்து வரும். அந்த வளைவை வைத்தே நிறை இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். இதற்கு எடுத்துக்காட்டு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது! ஏறியவர்கள் எல்லாரும் பாதி காலியாக இருந்த ஓர் இருக்கை வரை வந்து, ஒதுங்கி, பின்னால் போனார்கள். தோல் பதனிடும் டேனரியில் வேலை முடித்து வரும் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். தோல் வாடை. கூட்டத்தில் அவள் தலைகூடத் தெரியவில்லை. ஆனால் ஜனங்கள் வளைந்ததிலேயே ஆள் இருப்பது தெரிந்தது.

இறங்கும்போது மனசுக்குள் ஒரே குஷி.

14 ஜூலை, ஞாயிறு

முதலில் பிரியாணியைச் சொன்னேன். பிரபஞ்சம் உப்புத் தண்ணீர் மாதிரி எங்கும் ஒரே சீராக இல்லை. ஒரு கரண்டிக்குக் கறி வரும், ஒரு கரண்டிக்கு வெறும் குஸ்காதான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த உற்சாகத்தில், டேனரிப் பெண், தோல் வாடை எல்லாம் சேர்த்து பஸ்ஸைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். ஹார்டுவேர் கடை ஜியாவுல்லா சிரித்துக்கொண்டே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சங்கீதா. டேனரியில்தான் வேலை. ஒரு கூட்டமும் தவறாமல் வருபவள், கேள்வி கேட்பவள். எப்படி மறந்தேன்?

அவளும் சிரித்த முகமாகத்தான் எழுந்தாள். "அது நான் இல்ல டீச்சர். ஆனா தெனமும் நான்தான்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என்ன செய்தேன்? "சரி, அடுத்து" என்று படத்தை மாற்றினேன். சரி, அடுத்தாம்! இன்னா பொம்பள நான்?

15 ஜூலை

பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

18 ஜூலை, வியாழன்

பாடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எடுத்துக்காட்டே தப்பு. நிறை ஒளியைத் தன் பக்கம் இழுக்கும், தள்ளாது. சுற்றிலும் இருப்பதைவிடக் காலியான இடத்தைக் கடக்கும்போதுதான், சராசரிக் கணக்கோடு ஒப்பிட்டால், ஒளி விலகிப் பரவும். அப்படி வந்த ஒளி மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து நாம் உள்ளதைவிடத் தூரம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஆக, நான் காட்டியது நிறையை இல்லை, வெற்றிடத்தை. ஒரு மனுஷி உட்கார்ந்திருந்த இடத்தை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். அவள் பக்கத்தில் இடம் காலி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏறும்போதே பார்த்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஆம்பூர் வரை நின்றேனே — கூட்டத்தாலா?

21 ஜூலை, ஞாயிறு

சங்கீதா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். வாட அடிக்குதா?"

"அப்படிச் சொல்லாதம்மா."

"நீங்க சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா?"

யோசித்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் போய்விட்டது. அந்த பஸ்ஸில் நானும் ஒதுங்கிப் போனவள்தான் என்று மட்டும் சொன்னேன். ஒரு பாவாடையை முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"எங்கிட்ட வந்து சொல்றது ஈஸி டீச்சர். அங்க சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். தன் மகனின் காய்ச்சலைப் பற்றிப் பேசினாள். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றதற்கு, "விடுங்க மேடம், யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?" என்றார் நூலகர் மதியழகன். எனக்கும் விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது.

சொன்னேன். எடுத்துக்காட்டு தப்பு என்று முதலில். நிறைக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் போட்டு. பிறகு, பஸ்ஸில் ஒதுங்கியவர்களில் நானும் ஒருத்தி, உங்களைச் சிரிக்க வைத்ததும் நான் என்று. யாரும் சிரிக்கவில்லை. ஜியாவுல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கீதா வரவில்லை. சொல்லிவிட்டேன் என்று அவளிடம் போய்ச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. மார்க் வாங்கப் போகிற மாதிரி.

2 செப்டம்பர்

கடைத்தெருவில் பார்த்தேன். தலையசைத்தாள். அவ்வளவுதான்.

8 செப்டம்பர், ஞாயிறு

இன்று ஒலியைப் பற்றிப் பேசினேன். பாதியில் சங்கீதா வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை.

முடிவில் எழுந்தாள். "போன மாசப் பாடத்துல ஒண்ணு கேக்கணும். காலி எடத்துல வர்ற வெளிச்சம் மங்கலா தெரியும்னீங்களாமே, ஜியாவுல்லா பாய் சொன்னாரு. மங்கலா இருக்கறத வச்சுதான் தூரம்னு கணக்குப் போடறீங்க. அப்போ அது நெஜமாவே தூரத்துல இருக்குதா, வழி காலியா இருந்ததால அப்டி தெரியுதா — எப்டி கண்டுபுடிப்பீங்க?"

ஜியாவுல்லா தலையைச் சொறிந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சரியாத் தெரியலம்மா. படிச்சுப் பாத்துதான் சொல்லணும்."

"அப்ப அதுக்கு வேற நான் மறுபடி வரணும்" என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.