அடிமண் கலக்காத படம்

இன்று காலை எங்கள் ஆய்வகத்தில் யாரோ கிராஃபைட் துண்டின் மேல் செல்லோடேப்பை ஒட்டிச் சர்ரென்று உரித்தார்கள். புது மேற்பரப்பு வேண்டுமென்றால் இன்றைக்கும் அதே செல்லோடேப்தான். சத்தம் கேட்டதும் உன்னைத் தேடித் திரும்பிவிட்டேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

2005-இல் நாம் இருவரும் புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவிகள். நீ தினமும் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வருவாய்; அங்கே உன் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. மூன்று கை கொண்ட ஓர் அமில மூலக்கூறோடு உன் மல்லுக்கட்டு. கிராஃபைட்டின் மேல் அதன் கரைசலை ஒரு சொட்டு விட்டால், ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றின் கையை ஒன்று பற்றி, யாரும் அடுக்காமலே அவை தேன்கூடாக அமைய வேண்டும். நுண்ணோக்கியில் அந்தப் படம் கிடைத்தால்தான் உனக்குப் பட்டம். உதவித்தொகை முடிய இருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மதியம் திரையில் தேன்கூடு தெரிந்தது. பேராசிரியரே சிரித்தார், அது அபூர்வம். நீ மட்டும் மறுநாள் சொட்டு விடாத வெறும் கிராஃபைட்டை ஏற்றி இண்டு இடுக்கெல்லாம் தேடினாய். ஓர் ஓரத்தில் அதே தேன்கூடு! டேப்பை உரிக்கும்போது மேலடுக்கு லேசாகத் திரும்பி உட்கார்ந்தால் கிராஃபைட்டே அப்படி வேஷம் கட்டுமாம்.

"இப்பவே சார்கிட்ட சொல்லணுமாடி?" என்றேன்.

"உப்பு வாரும்போது பலகைய அழுத்திட்டா பாத்தியோட அடிமண்ணும் சேந்து வந்துடும். அதையும் உப்புன்னு கொட்டுனா எங்கப்பா சும்மா வுடுவாரா?"

சாரிடம் சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். எனக்கு உன்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். கரைப்பானை மாற்றினாய். 2006 கோடையில் புதுக் கரைசலைக் கலக்கி வைத்துவிட்டு, காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. நீ திரும்பவில்லை.

அந்தக் கரைசலை நான்தான் சொட்டு விட்டேன். அதற்கு முன் வெறும் கிராஃபைட்டை உன்னைப் போலவே துழாவினேன், ஒன்றுமில்லை. சொட்டு விட்டதும் தேன்கூடு வந்தது. இடம் மாற்றினேன், துண்டு மாற்றினேன், தேன்கூட்டு அறைகளின் இடைவெளியை அளந்தேன். எல்லாம் நீ எதிர்பார்த்தபடியே இருந்தது. பக்கத்தில் நீ இல்லையே என்று அழுகை அழுகையாக வந்தது.

படத்தோடு மரக்காணம் போனேன். உப்பளத்தில் நின்ற உன் அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இது எம்பொண்ணு செஞ்சதாம்மா?"

"அவ செஞ்சதுதாம்பா."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேம்பா."

"அப்ப சரி. அவ துணிங்களோட வெக்கிறேன்."

அதன்பின் எத்தனையோ படங்கள் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் வெளியே அனுப்பும் முன், எதிரே உன் அப்பா நிற்கிறார். அவர் கேட்டால் தயங்காமல் பதில் வருமா என்று பார்க்கிறேன். வராவிட்டால் அனுப்புவதில்லை.