வேலி மேல் அவரைக்கொடி

சுகர் லேண்ட், அமெரிக்கா
மெமோரியல் டே, மே மாதக் கடைசித் திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் நம் வெண்பா பாப்பாவும் நலம். கவரைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். தினமும் வீடியோவில் பார்க்கிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் அடித்ததும் வெண்பா பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவள் விட்ட மிச்சத்தில் நான் "சாப்ட்டீங்களா" என்பேன், நீங்கள் "ம்" என்பீர்கள். அதோடு உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும், எனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிடும். அடுத்த தெரு நாகலக்ஷ்மி ஆன்ட்டி புதன்கிழமை கோயமுத்தூர் கிளம்புகிறார். பெட்டியில் இடம் இருக்கிறது, ஈரோட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "போதும் பிரியா. வீட்டைக் காலி பண்ணிட்டு நீயும் பாப்பாவும் இங்கயே வந்துருங்க" என்றீர்கள். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், உங்களுக்குத்தான் தெரியுமே.

முதலில் தோட்டத்துச் சேதி. ஜனவரியில் உங்கள் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "விசா ஸ்டாம்பிங் முடிச்சுட்டு மூணே வாரத்துல வந்துடறேன், செடிக்குத் தண்ணி மட்டும் காட்டு" என்று ஏதோ பூனைக்குப் பால் வைக்கச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனீர்கள். விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கான்சலேட்டிலேயே கிடக்கிறது. பிப்ரவரியில் உறைபனி என்று போனில் எச்சரிக்கை வந்தது. கறிவேப்பிலைத் தொட்டியை நீங்கள் ஒரு கையால் நகர்த்துவீர்கள், எனக்கு அது அசையக்கூட இல்லை. கடைசியில் வெண்பாவின் ஸ்கேட்போர்டு மேல் ஏற்றி, அவள் பின்னாலிருந்து தள்ள, நான் முன்னாலிருந்து இழுக்க, கராஜுக்குள் கொண்டு சேர்த்தோம். ஸ்கேட்போர்டு போச்சு, செடி பிழைத்தது. முருங்கையைக் காப்பாற்ற முடியவில்லை, கருகி மொட்டையாக நின்றது. இனி வராது என்றுதான் நினைத்தேன். மார்ச் கடைசியில் அடியிலிருந்து துளிர்த்து இப்போது என் தோளுக்கு மேல் போய்விட்டது.

தக்காளியை அணில் விடுவதில்லை. ஒரு பழத்தைத் தின்றுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை, எல்லாப் பழத்திலும் ஒவ்வொரு கடி கடித்து வைக்கிறது. சிவப்பதற்கு முன்பே பறித்துவந்து ஜன்னல் ஓரம் வைக்கிறேன். கொத்தமல்லி வெயிலில் பூத்துக் காய்த்துவிட்டது. பச்சை மல்லிக்காயைத் தட்டி ரசத்தில் போட்டேன், வீடே மணத்தது. வெண்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மணத்தக்காளி கேட்காமலே முளைத்துக் கிடக்கிறது. பறித்து, மோரில் ஊறப்போட்டு, காரின் பானெட் மேல் காயவைத்து வத்தல் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் இது என்ன என்று கேட்டார். பெர்ரி என்றேன். அந்த வத்தலில் ஒரு பொட்டலம் இதோடு வருகிறது. அமெரிக்காவிலிருந்து ஈரோட்டுக்கு வத்தல் போகிற காலம் வந்துவிட்டது, சிரிக்காமல் சாப்பிடுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் வெண்டைக்காயும் கீரையும் பறித்துக்கொண்டு மண் காலோடு அப்படியே சமையலறைக்குள் வருவீர்கள், நான் கத்துவேன். எத்தனை சண்டை அதற்கு. இப்போது தரையில் ஒரு மண் கிடையாது. துடைக்கிற வேலையே இல்லை. சில நாள் காலையில் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. போனில் அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜில் நீங்கள் விதை போட்டு வைத்திருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சித்திரை ஒன்றாம் தேதி எடுத்தேன். எல்லாம் கலந்து கிடந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது ஒன்றுதான், கறுப்பு விதையில் வெள்ளைக் கோடு போட்ட அவரைக்காய் விதை. பின்பக்க வேலி ஓரம் நானும் வெண்பாவும் நட்டோம். உங்களிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வீடியோவில் நீங்கள் தோட்டத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் வேலிப் பக்கம் போனைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டேன். பூத்ததும் காட்டி அசத்தலாம் என்று ஓர் ஆசை.

கொடி என்றால் அப்படி ஒரு கொடி. வேலியை மூடி, பக்கத்து வீட்டு மேப்பிள் கிளையைப் பிடித்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் என் கை அகலம். பூ மட்டும் இல்லை. இதற்கிடையில் வெண்பா தினமும் "அப்பா எப்ப வருவாங்க" என்று நச்சரித்தாள். வாய் சும்மா இருக்காமல், இந்தக் கொடி பூத்ததும் அப்பா வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஸ்கூலுக்குப் போகுமுன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொடியடிக்குப் போய் நின்றுவிடுகிறாள். "இட்ஸ் ஸ்டில் ஒன்லி லீவ்ஸ், அம்மா" என்று முகம் சுருங்கிப்போய் வந்து பஸ் ஏறுகிறாள்.

சனிக்கிழமை நாகலக்ஷ்மி ஆன்ட்டி வத்தலை வாங்கிப்போக வந்தவர், கொடியைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஏங்கண்ணு, இதைப் போய் இப்பப் போட்டுருக்கறே. பகல் நீண்டுட்டே போறப்ப இது பூக்காது, பொழுது குறையோணும். அக்டோபர்லதான் பூ வரும். உங்க வீட்டுக்காரர்தானே எனக்கே சொன்னாரு" என்றார். நீங்கள் வருஷா வருஷம் ஆடியில்தான் இதைப் போடுவீர்களாம். இத்தனை வருஷம் நான் காயை ஆய்ந்து கொடுத்தேனே தவிர, எப்போது நட்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"வீணா இடத்தை அடைச்சுட்டு நிக்குது, புடுங்கிப் போட்டுட்டு கொத்தவரை போடு" என்று ஆன்ட்டி தண்டில் கை வைத்தார். வெண்பா "நோ" என்று வீறிட்ட சத்தத்தில் ஆன்ட்டி பின்னால் ஓர் எட்டு வைத்துவிட்டார். அக்டோபர் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. "யூ ப்ளாண்டட் இட் ராங்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன். இதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். சாயங்காலம் அவளாகவே வெளியே வந்து, பூவாளியை எடுத்துக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கொடியை நான் பிடுங்கவில்லை. பிடுங்கவும் மாட்டேன்.

வீட்டு ஓனர் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேற்று அவரிடம் பேசினேன், நவம்பர் கடைசி வரை மட்டும் இருக்கிறோம் என்று. சரி என்றுவிட்டார். உங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் உங்கள் பாஸ்போர்ட் வந்துவிட்டால், முதல் காய் பறிப்பது நீங்கள்தான். வராவிட்டால், முதல் காயை நானும் பாப்பாவும் பறித்து இங்கே பொரியல் செய்து சாப்பிட்டுவிட்டு, வேலையை விட்டுவிட்டு, விதையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுகிறோம். அதற்கு மேல் ஒரு நாள்கூட உங்களைத் தனியாக விடமாட்டேன், நானும் தனியாக இருக்கமாட்டேன். வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நாம் வளர்த்ததெல்லாம் இங்கே நிற்கிறது, அதை ஒரே போனில் காலி செய்ய மனசு வரவில்லை. கொடி பூக்கிற வரைக்கும் எனக்குக் கொடுங்கள். பாப்பாவிடம் சொன்ன வார்த்தையும் பொய்யாகாமல் இருக்கும்.

அதுவரை போனில் "போதும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் அதைச் சொன்னால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முதுகை வளைத்து உட்காராதீர்கள்.

பாஸ்போர்ட் வந்த அன்றே டிக்கெட் போடுங்கள். வந்ததும் நேரே தோட்டத்துக்குப் போய்விட்டு, காலைக் கழுவாமல் அப்படியே சமையலறைக்குள் வாருங்கள். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

உங்களுக்காகத் தரையைத் துடைக்காமல் வைத்திருக்கும்,
பிரியா