பிள்ளையார் சுழிக்குக் கீழே மூன்று கட்டம்

மயிலாப்பூர்,
ஜூன் 1998

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இன்றைக்கு ரொம்பவே நன்றாக!

எங்கள் மருந்துக் கம்பெனிக்கு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கிளைகளில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ்கள் உண்டு. காலையில் அங்கிருந்து போனில் சொல்லும் டிகிரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கிளைக்கு ஒரு பக்கம். திரையின் அடியில் கிளையின் பெயர் போட்ட டேபை அமுக்கினால் அது திறக்கும். முதல் பக்கத்தில் வெறும் பிள்ளையார் சுழி. மானேஜர் சுந்தரராமன் சார் தினமும் அதைக் கும்பிடுவார். மற்ற பக்கங்களைப் பார்க்கவே மாட்டார்.

போன வாரம் யாரையும் கேட்காமல் சுழிக்குக் கீழே கிளைக்கொன்றாக மூன்று கட்டம் போட்டேன். எட்டு டிகிரியைத் தாண்டினால் தடுப்பூசி கெடும்; உடனே கட்டம் சிவக்கும். "சுழிக்குக் கீழே கிறுக்கப்படாதும்மா" என்று முறைத்தார். நான் அழிக்கவில்லை.

நேற்று கும்பிட்ட கையோடு "அடையாறு!" என்று கத்தினார். எண்களை ஏற்றிய அவசரத்தில் அந்தச் சிவப்பு என் கண்ணிலேயே படவில்லை. உடனே ஐஸ் பெட்டியோடு வேன் பறந்தது. ஒரு குப்பிகூட வீணாகவில்லை! "அந்தக் கட்டத்துல இனி யாரும் கை வைக்கப்படாது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் கோர்ஸ் வெட்டி என்ற சித்தப்பாவுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இட்லிப்பொடி தீர்ந்துவிட்டது. அம்மா இடித்ததுதான் வேண்டும், கடையில் வாங்கி அனுப்பாதீர்கள்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். என் ஃபிளாப்பியில் நம் வீட்டுக்கும் ஒரு பக்கம் திறந்து, உங்களுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். உங்கள் பிரஷர் எவ்வளவு என்று எழுதுங்கள். வழக்கம்போல் 'நலம்' என்று முடிக்காதீர்கள் அப்பா; அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும்.

உங்கள் மகள்,
செண்பகவல்லி