ஜீப்பை விற்பதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை வாசலில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள், ஜீப்பைப் பார்க்க வந்த தரகர். ஐந்து பேர். ஜீப்பையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஆறு. கடைசிவரை வாய் திறக்காதது நானும் ஜீப்பும்தான்.

மகன் முடிவோடுதான் வந்திருக்கிறான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் நகரத்தில் அவனோடு போய் இருக்க வேண்டும். ஏழாவது மாடி. எங்களுக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். என் முழங்காலை நினைத்துக் கட்டிலின் உயரத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறாள் மருமகள். குறை சொல்ல ஓரிடம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கே ஜீப்பை நிறுத்த இடம் கிடையாதாம். தரகர் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். கிளம்பும்போது அடியிலிருந்து 'டங்' என்று ஓர் அடி. வேகம் எடுத்தால் சீட்டோடு சேர்ந்து ஆளும் ஆடுகிறார். இறங்கி வந்து, "ஷாஃப்ட் போச்சு சார். இரும்பு வெலைக்குத்தான் எடுக்க முடியும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "இரும்பு வெலைக்கா? ரெண்டு வாரம் குடுங்க. நானே சரி பண்ணித் தரேன். இந்த வண்டி நொண்டிக்கிட்டு யார் வீட்டுக்கும் போகாது."

"அப்பா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"உன் ஆபீஸ்ல வந்து நான் இப்படிக் கேட்டனா?"

எனக்கு உள்ளே ஓடியது ஒன்றுதான். ஜீப் போய்விட்டால் அக்காவைப் பார்க்க எதில் போவேன்? அவள் இருக்கிற மேட்டு வீட்டுக்குப் போகிற அந்தக் கல்பாதையில் வேறு எந்த வண்டி ஏறும்? தன் வீட்டுக்காரர் காலமானபிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். மழை பிடித்தால் பாதையும் போய்விடும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவனிடம் மட்டும் சொன்னேன்.

மார்ச் 4, புதன்

பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக் கணக்கு எழுதி முடித்தேன். மனசு எதிலும் ஒட்டவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஷாஃப்ட்டைக் கழற்றினோம். கழற்றினார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் சரி.

முதலில் நாலு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக் கொடுத்தேன், அவர் சொல்வதற்கு முன்பே. இந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டால் கைப்பிரேக் இருந்தும் இல்லாத கதை. கல்யாணமான புதிதில் இதை மறந்துபோய்க் கடைசி நட்டை உருவினார். வண்டி சாவகாசமாக நகர்ந்து போய் எதிர்வீட்டு வேலியில் உட்கார்ந்துகொண்டது. இவர் தரையில் மல்லாந்தபடி, கையில் ஷாஃப்ட்டைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வண்டி இல்லை! நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டம்மா கோபிக்க வந்தவள் கோபத்தை மறந்துவிட்டாள். அதைச் சொன்னேன். "அப்ப நீ சிரிச்சதுக்கு நான் மூணு நாள் பேசல, தெரியுமா?" என்றார். தெரியாது. பேசாமலிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை போலிருக்கிறது.

எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான குழாய்தான் ஷாஃப்ட். இரண்டு முனையிலும் கவை மாதிரி இரண்டு காது. காதுகளுக்கு நடுவே கூட்டல் குறி போல ஓர் இரும்பு. அதற்குக் கிராஸ் என்று பெயர். பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் வளைந்து கொடுப்பது அதனால்தான். தேய்ந்திருப்பதும் அதுதான். நகத்தை வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது.

குழாய் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "சேக்கும்போது இந்தக் கோடு நேரா வரணும்."

மார்ச் 8, ஞாயிறு

வேலை இல்லை. பிரார்த்தனைக்குப் போய் வந்தோம்.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். அவள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் உண்டு. எழுபது தாண்டியவள் தொட்டி மேல்!

"ஏண்டி கணக்குப்பிள்ளை, உயிரோட இருக்கியா? கணக்க முடிச்சிட்டியா?"

"இறங்குக்கா முதல்ல. விழுந்து தொலைக்கப் போற."

"விழுந்தா நீதான் வரப் போறதில்லையே. எத்தனை மாசம் ஆச்சு?"

வண்டியை விற்கப் போகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. ரிப்பேர் நடக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

அந்தக் காலத்தில் மாதம் தவறாமல் போவோம். முன்னால் ஆண்கள் இருவர், பின்னால் மூட்டைகளின் மேல் நானும் அக்காவும். மூன்றாவது வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஆண்டவனைக் கூப்பிடுவேன். "கத்தாதடி, அவரே பயந்து எறங்கிடப் போறாரு" என்பாள் அக்கா. இப்போது அந்த நாலு பேரில் ஒருவர் இல்லை. மற்ற மூவரும் ஆளுக்கொரு முழங்கால் வலியோடு இருக்கிறோம்.

மார்ச் 9, திங்கள்

புதுக் கிராஸ் இரண்டும் பொருத்தியாயிற்று.

காலையில் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஷாஃப்ட் துண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி வைத்தேன். எத்தனை வருஷத்துக் கருப்பு! என் அடுக்களைப் பாத்திரம்கூட இப்படிப் பளபளத்ததில்லை. அவர் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வராங்களா இதுக்கு?" என்றார். சந்தோஷம்தான்.

கிராஸின் நாலு நுனியிலும் சின்னச் சின்னக் கிண்ணம். உள்ளே தையலூசி கனத்தில் குட்டையான இரும்புக் குச்சிகள், வட்டமாக, கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சாய்ந்தாலும் கிண்ணம் முழுசாக இறங்காது. அவருக்குக் கை நடுங்குகிறது என்பதை நானும் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். "கண்ணு கூசுது, நீ வை" என்றார். வைத்தேன். அவர் இறுக்கிப் பிடிக்கிற வைஸைத் திருகத் திருக, கிண்ணம் கவையின் காதுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பூட்டு வளையம் 'டிக்' என்று உட்கார்ந்த சத்தம்! குழந்தை முதல் பல்லைக் காட்டின மாதிரி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஷாஃப்ட்டை வண்டிக்கடியில் படுத்தபடி அவர் தாங்கிக்கொண்டார். நடுவில் நுழைக்க வேண்டியது என் வேலை.

"கோடு சேந்துதா?"

"சேந்துது."

மார்ச் 11, புதன்

என்ன இது ஆண்டவனே.

வண்டி முன்னைவிட மோசம். 'டங்' சத்தம் போய்விட்டது, ஆனால் கொஞ்சம் வேகம் எடுத்தவுடன் தரை, கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் நடுங்குகிறது. பாலம்வரை போய்விட்டு மாட்டுவண்டி வேகத்தில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"என் கை போச்சு" என்றார். "பையன் சொன்னது சரிதான்."

கையெல்லாம் போகவில்லை என்றேன். கேட்கவில்லை. தரகருக்குப் போன் போட்டுவிட்டார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், இரும்பு விலையானாலும் சரி என்று. அடுத்த போன் மகனுக்கு. "வந்துடறோம்பா. அறைய ரெடியா வை."

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த மனிதரைப் பார்க்கிறேன். தோற்றுப்போய் ஒரு காரியத்துக்குச் சம்மதித்து நான் பார்த்ததில்லை. மகன் வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமென்றால் நிமிர்ந்து போகட்டுமே? இப்படியா போவது?

மார்ச் 12, வியாழன்

இன்று அவர் ஜீப் பக்கமே போகவில்லை. நான் போய்ச் சும்மா தொட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

நான்தான். நான்தான்!

காலைப் பிரார்த்தனையில் பாதியில் மனசு நழுவி எங்கோ போனது. புதுப் பெண்ணாக நான் ஸ்பேனரோடு குந்தியிருக்கிறேன், வண்டிக்கடியிலிருந்து இவர் பேசுகிறார். "இந்த முனை கவையும் அந்த முனை கவையும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டிருக்கணும். இது ஒரு பக்கம் அது ஒரு பக்கம் பாத்துச்சுன்னா நம்ம ரெண்டு பேர் மாதிரிதான், வீடே அதிரும்."

கண்ணைத் திறந்துவிட்டேன். சாக்பீஸ் கோடு! மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேனே, எங்கே இருக்கும் அந்தக் கோடு? அப்படியானால் திங்கட்கிழமை நான் எதை எதோடு சேர்த்தேன்? மங்கலாக ஒன்று தெரிந்தது, அதுதான் என்று நினைத்தேன் — ஏதோ பழைய கீறல். ஐயோ, இந்தச் சுத்தப் பைத்தியத்தை என்ன செய்ய!

பிரார்த்தனையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ஆண்டவன் மன்னிப்பான். சாக்கை விரித்து வண்டிக்கடியில் புகுந்து பார்த்தேன். முன்முனைக் கவை படுத்திருக்கிறது. பின்முனைக் கவை சாய்ந்து நிற்கிறது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியேதான்.

"என்னங்க, இங்க வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. திட்டறதா இருந்தா கீழ வந்து திட்டுங்க."

முனகிக்கொண்டே வந்து பக்கத்தில் படுத்தார். கோட்டை அழித்தது நான் என்று சொன்னேன். கையால் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பார்த்தால் வயிறு குலுங்குகிறது. சிரிக்கிறார்! "பொண்ணு பாக்க வராங்கன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நெத்திப் பொட்டையும் சேத்து அழிச்சிட்டியே" என்றார்.

அவர் கையில் கோளாறு இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது. அழுகை வந்துவிட்டது. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கும் ஒரு தடவை சிரித்தோம்.

மார்ச் 14, சனி

தரகர் வந்தபோது எங்கள் நாலு கால்கள்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சார், அம்மாவும் உள்ளயா?"

"உக்காருங்க. வந்துடறோம்."

பிரித்து, கவைகளை ஒரே பக்கம் பார்க்க வைத்து, திரும்ப நுழைத்து முடுக்கினோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் சேர்ந்ததா என்று கேட்கவில்லை, அவரே தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மூவருமாகப் பாலம்வரை போனோம். சத்தமில்லை. அதிர்வில்லை. பாலம் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தார். "சார், போதும் சார்" என்று தரகர் சொன்ன பிறகுதான் திருப்பினார்.

தரகர் நல்ல விலை சொன்னார். உண்மையிலேயே நல்ல விலை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பதினோரு நாளாகத் தொண்டையில் நின்றதை அப்போதுதான் சொன்னேன்: "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அக்காவப் பாத்துட்டு வந்துடலாங்க."

"அடுத்த வாரம் பேசலாம்" என்று தரகரை அனுப்பிவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

மேட்டு வீட்டுக்குப் போய் வந்தோம்.

மூன்றாவது வளைவில் நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டேன். வண்டி சாய்ந்து, யோசித்து, ஏறிவிட்டது.

வண்டிச் சத்தம் கேட்டு அக்கா பாதைக்கே வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். வாய் மட்டும் இளைக்கவில்லை. சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: மகன், ஏழாவது மாடி, தரகர். நீயும் எங்களோடு கீழே வந்துவிடு என்று கேட்பதாகத்தான் மனசில் வைத்திருந்தேன். கேட்கவிடவில்லை.

"என்ன எறக்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா? நான் வரல. ஏண்டி, அங்க வீட்ட பூட்டறது பூட்டறீங்க, சாவிய எடுத்துக்கிட்டு இங்க வந்தா என்ன? ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. எனக்குத் தொட்டி மேல ஏறாம பேச ஒரு ஆள் வேணும்."

பிறகு அவரைப் பார்த்து, "ஏங்க, இவளுக்கும் ஓட்டத் தெரியுமே. எதுக்கு நீங்களே கட்டி மாரடிக்கறீங்க?"

"தெரியும். இவ இடிச்ச வேலியெல்லாம் சாட்சி" என்றார்.

திரும்பும்போது கல்பாதை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்தார். "எறங்கு. அந்தப் பக்கம் போ." மகன் பிறப்பதற்கு முன்னால் தொட்ட ஸ்டீயரிங். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்தது. "கண்ண மூடாத. இப்ப மட்டும் மூடாத" என்றார். மூடவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் நகர்ந்தன, நான்தான் நகர்த்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

நாலு நாளாகப் பேசி, பிரார்த்தித்து, இன்று மகனுக்குத் தபாலில் எழுதிப் போட்டேன். போனில் பேசினால் நான் பாதியில் சரி சரி என்று சொல்லிவிடுவேன். எழுதியது இது:

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. அப்பா வண்டியைத் தரகருக்குக் கொடுக்கவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. நாங்கள் இருவரும் மேட்டு வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவோடு இருக்கலாம் என்று நினைக்கிறோம். உன் வீடு பிடிக்காமல் இல்லை. அந்தக் கட்டிலில் வந்து படுத்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று மருமகளிடம் சொல். மழையின்போது மேலே மாட்டிக்கொள்வோமே என்று நீ பயப்படுவாய். எங்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால் மருந்தும் சாமானும் முன்கூட்டியே ஏற்றிவிடலாம் என்கிறார் அப்பா. நல்ல பாதையில் நான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. உனக்கு மனம் ஒப்பாமல் போக எங்களுக்கு விருப்பமில்லை. முடிந்தால் வந்து ஒருமுறை எங்களோடு மேலே ஏறிப் பார். மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும். வேண்டாம் என்றாலும் சரி, சரி என்றாலும் சரி, உன் பதிலைச் சீக்கிரம் அனுப்பு.