சங்கிலியைக் கடைசியாகப் பார்க்கிறவன்

என் அன்பையும் எரிச்சலையும் சரிபாதியாக வாங்கிக்கொண்டு போன சுந்தரண்ணே,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பீர்கள். அங்கேயும் நாலு பேர் உங்களைச் சுற்றி நின்று புகழ்ந்துகொண்டிருப்பார்கள். நினைத்தாலே எனக்கு எரிகிறது.

ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உங்கள் படத்தை மாட்டிவிட்டார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று என் கல்யாணப் போட்டோவைக் கழற்றிப் பீரோ மேலே வைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை மூத்த மாப்பிள்ளைக்கு முதல் இலை, இப்போது நடுச்சுவர். அக்காவைக் கட்டியவர் நீங்கள், தங்கையைக் கட்டியவன் நான். இளைய மாப்பிள்ளையாக வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

வீட்டில்தான் அப்படியென்றால் தொழிலில் மட்டும் என்ன? இருவருக்கும் பொதுவாக ஒரே டிரெய்லர். மண் தோண்டும் பொக்லைன்களை ஏற்றிக்கொண்டுபோய் அடுத்த ஊரில் இறக்கிவிடுவது நம் பிழைப்பு. ஏற்றிச் சங்கிலியால் கட்டுவது நீங்கள், ஓட்டுவது நான். கொள்ளிடம் பாலத்தில் எதிரே பஸ் வரும்போது, அத்தனை டன் இரும்பையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தவன் நான். ஆனால் போன் செய்தவர்கள் எல்லாரும் கேட்டது, ஏற்றுவது சுந்தரம்தானே என்றுதான். யார் ஓட்டுகிறார் என்று ஒருவராவது கேட்டதுண்டா அண்ணே?

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. எல்லாம் கட்டி முடித்து, வண்டி கிளம்பும் நேரத்தில், பத்துப் பேர் முன்னால் என்னைக் கூப்பிடுவீர்கள். "தம்பி, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுச் சொல்லு." உங்கள் வேலையை நான் ரசிக்க வேண்டுமாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவேன். ஒரு குறையாவது கிடைக்காதா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்ப்பேன். கிடைத்துவிட்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்வேன். நீங்களோ முகம் சுளிக்காமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவீர்கள். என்ன பொறுமை பாருங்கள் என்று அதற்கும் உங்களைத்தான் மெச்சுவார்கள். குறையைக் கண்டுபிடித்தவன் நான், பேர் உங்களுக்கு!

அந்த நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு நம் வண்டியை யாரும் கூப்பிடவில்லை. பாலக்கரை ரஹீம் பாய் கூடத் தன் பொக்லைனை வேறு டிரெய்லரில் அனுப்பினார். நான் இரண்டு முறை நேரில் போய்க் கேட்ட பிறகு, இந்த ஒரு லோடைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அவரும் கைவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் பேர் சுவரில் நிற்கும், நான் யாரோ ஒருவருடைய லாரிக்குக் கூலி டிரைவர் ஆவேன்.

ஜீயபுரத்தில் வாழைத்தோட்டத்து வாய்க்காலில் வேலை முடித்து நின்ற அவருடைய மெஷினை வையம்பட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் செய்வதையெல்லாம் செய்தேன். மெஷினை நேராக, மெதுவாக ஏற்றச் சொன்னேன். பக்கெட்டை இறக்கிக் கட்டை மேல் உட்கார வைத்தேன். நாலு மூலையிலும் சங்கிலி போட்டு எதிரெதிராக இழுத்து முறுக்கினேன். பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறியதும் கதவருகே வந்தார்.

"கடைசியா நீங்க ஒரு சுத்து பாப்பீங்களே. இன்னைக்கு யாரு பாக்குறது?"

கட்டியதே நான்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஏன் எப்பவும் சகலையவே பாக்கச் சொல்றீங்கன்னு ஒரு தடவ அவருகிட்ட கேட்டேன். 'மத்தவங்க எல்லாம் என்னைப் பாப்பாங்க பாய். என் மேல வயிறெரியுறவன் அவன் ஒருத்தன்தான். அவன்தான் செயினைப் பாப்பான்'னு சொன்னாரு."

அண்ணே! எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது உங்களுக்கு. ஊரெல்லாம் கண் படக்கூடாதென்று வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறது. நீங்கள் கொள்ளிக்கண்ணனைத் தேடிப் பிடித்துச் சங்கிலிக்குக் காவல் வைத்திருக்கிறீர்கள். என் பொறாமையையும் விடாமல் வேலை வாங்கியிருக்கிறீர்களே. கண் கலங்கியது. அதே மூச்சில் வயிறும் எரிந்தது.

இறங்கினேன். இதைக் கட்டியது சுந்தரண்ணன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான், பழைய அரிப்பு வந்துவிட்டது. குறை இல்லாமலா இருக்கும் என்று பின்பக்கம் குனிந்து, அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். மெஷின் உருண்டு நகரும் இரும்புப் பட்டைக்கும் டிரெய்லர் தளத்துக்கும் நடுவே களிமண் அப்பியிருந்தது. ஏற்றுவதற்கு முன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிய நான் அடியில் சுரண்டவில்லை. போகிற வழியில் அந்த ஈரமண் பிதுங்கியிருந்தால் சங்கிலி தளர்ந்து, மெஷின் நழுவி, பின்னால் வருகிறவர்கள் மேல் விழுந்திருக்கும். "இங்க பாருங்க பாய், சேறு!" என்று பழக்க தோஷத்தில் சந்தோஷமாகக் கத்திவிட்டேன். பிறகுதான் கட்டியவன் நானென்று நினைவு வந்தது.

அவிழ்த்து, இறக்கி, அடியெல்லாம் சுரண்டிக் கழுவி மறுபடி ஏற்றினோம். வையம்பட்டியில் பத்திரமாக இறக்கியதும், இனி லோடெல்லாம் உங்களுக்குத்தான் என்றார் பாய். நெஞ்சு நிறைந்து நின்றேன். அத்தோடு விட்டாரா? சுந்தரண்ணனே வந்து பார்த்த மாதிரி இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நான் கட்டும் ஒவ்வொரு லோடையும் நீங்கள் கட்டியதாக நினைத்துத்தான் சுற்றி வருவேன். குறை தேடாமல் வண்டியை எடுக்க மாட்டேன். முடிந்தால் நீங்களும் அங்கிருந்து என் சங்கிலியைக் கொஞ்சம் பொறாமையோடு பாருங்கள். ஆனால் உங்களுக்கு அது வராது. யாரைப் பார்த்தும் உங்களுக்கு வயிறெரிந்ததே இல்லை. உங்கள் மேல் எனக்கிருக்கும் பொறாமையிலேயே பெரிய பொறாமை அதுதான் அண்ணே.

இன்னும் எரிச்சல் அடங்காத,
உங்கள் சகலை முரளி